மரங்களுக்கு மேலே நின்ற வெளிச்சம்

இன்று மாலை, கனடாவில் நாங்கள் நடத்தும் தமிழ்ப் பத்திரிகையைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடும் தம்பி ஒருவனுடன் நகரின் ஓரத்தில் உள்ள மில்லிக்கன் பக்கம் போனேன். கார் சூடேறிவிட்டது. காட்டோரமாக நிறுத்தி இறங்கினோம்.

மரங்களுக்கு மேலே வட்டமாக ஒரு வெளிச்சம் நின்றது. ஒரு வீட்டைவிடப் பெரியது. சத்தமே இல்லை. கீழே ஓர் இலைகூட அசையவில்லை.

நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பி என்னை இழுத்து விழுத்தி, தானும் குப்புறப் படுத்தான்.

"வாயைத் திறந்து வைச்சிருங்கோ அண்ணை, காது வெடிச்சிடும்!"

குண்டு எதுவும் விழவில்லை. நிமிர்ந்தபோது வெளிச்சமும் இல்லை.

"இந்தக் கிழமைப் பத்திரிகையிலையே எழுதுறன்" என்றேன்.

"ஐயோ, வேண்டாம் அண்ணை. வாற மாதம் எனக்கு அகதிக் கேஸ் விசாரணை. உந்த வெளிச்சத்தைக் கண்டனான் எண்டு தெரிஞ்சா, ஊரிலை பொம்மர் விமானம் வந்து குண்டு போட்டதையும் நம்பமாட்டினம்."

"நானும் கண்டனான்தானே. சாட்சி சொல்லுறன்."

"சாட்சியும் எங்கடை ஆள்தானே அண்ணை" என்றபடி காற்சட்டையில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டினான்.

பத்திரிகையில் எழுதப்போவதில்லை. அவன் பெயரை இந்த இணையப் பக்கத்திலும் சொல்லவில்லை.

அந்த வெளிச்சத்தைக் கண்டவர்களில் கனடாக் குடியுரிமை உள்ள யாராவது இருந்தால், தயவுசெய்து பதில் எழுதுங்கள்.