துரையிடம் சொன்ன பதில்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், நான் கொழும்பில் கல்லூரி மாணவனாக இருந்தபோது நடந்தது இது. அட்டன் கடைவீதியில் அப்பாவுக்குப் புடவைக்கடை. அந்த நீண்ட விடுமுறையில் என் விலங்கியல் பேராசிரியர், றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மூஞ்சூறுகளை ஆராய வந்தார். பழைய ஸ்டோர் அறைதான் ஆய்வுகூடம். பிடிபட்டவற்றை அளந்து, நிறுத்து, குறித்து வைப்பது என் வேலை. வேலை நேரத்தில் தொழிலாளர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் தோட்டத்துத் துரை எங்களை அனுமதித்திருந்தார்.

மூன்று வாரம் தேடியும் குட்டிகளோடு ஒரு கூடு கிடைக்கவில்லை. ஒருநாள், கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைக் கூப்பிட்டாள்.

"அந்தக் கான் ஓரத்துல மூஞ்சூறு குட்டி போட்டுக் கெடக்குங்க. வேல விட்டதும் காட்டுறேன்."

மழை வரும்போல இருந்தது. கான் என்பது செடிகளுக்கிடையே வெட்டிய வடிகால்; அதில் தண்ணீர் ஏறினால் கூடு போய்விடும். "இப்பவே வாம்மா" என்றேன்.

"கங்காணி ஏசுவாருங்க."

"நான் சொல்லிக்கிறேன்."

கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். அவரை விதை அளவில் ஐந்து குட்டிகள்! பேராசிரியர் என் தோளைத் தட்டினார். அந்தச் சந்தோஷத்தில் கங்காணியிடம் சொல்லவே மறந்துபோனேன்.

மறுநாள் காலை, ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அவளைத் துரை முன் நிறுத்தியிருந்தார்கள். அந்த வழியாகப் போன என்னைக் காட்டி, "இந்த ஐயாதாங்க கூப்புட்டாரு. கேட்டுப் பாருங்க தொர" என்றாள்.

துரை ஆங்கிலத்தில் விசாரித்தார். ஆய்வு நின்றுவிடுமே என்று எனக்குப் பயம். வேலை முடிந்த பிறகுதான் வரச் சொன்னேன், அவளாக வந்துவிட்டாள் என்று ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டேன்.

அவளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. தனக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்து, என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

துரை அவள் பேரை வேலைப் பதிவேட்டிலிருந்து வெட்டச் சொன்னார்.

மன்னிப்புக் கேட்கத் துணிச்சல் வர எனக்கு நான்கு நாள் ஆயிற்று. தொழிலாளர் லயத்துக்குப் போனால் அவர்கள் குடியிருந்த காம்பிரா காலி; வேலை போனால் தோட்டத்து அறையும் போய்விடும்.

"குடும்பத்தோட உடப்புசல்லாவப் பக்கம் போயிட்டாங்க" என்றாள் அடுத்த வீட்டுக்காரி. "ஐயா எவ்வளவோ பேசிப் பாத்தாரு, தொரதான் கேக்கலன்னு சொல்லிட்டுத்தாங்க போனா."

அப்போதாவது துரையிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

உண்மை தெரிந்து அவள் என்னைச் சபித்திருந்தால்கூட மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். எங்கோ ஒரு தோட்டத்தில் கடைசிவரை என்னை நல்லவன் என்று நினைத்தே இருந்திருப்பாள் என்பதைத்தான் இன்றும் என்னால் தாங்க முடியவில்லை.