கிளாக்கரய்யா ஏணி புடிச்ச கதை

கரண்ட் வேலையில ஒரு நல்ல குணம் இருக்கு: தப்புப் பண்ணினா கடிதம் கொடுத்து விளக்கம் கேக்காது, அந்த எடத்துலயே அடிச்சிரும். நாப்பது தாண்டி தொழில் மாத்தப் போய், நம்மளவிட நல்லா வேலை செய்யிற ஆள் பக்கத்துல உக்காந்து வயிறெரிஞ்ச புண்ணியவான்கள் எத்தன பேரு இருக்கீங்களோ, தெரியாது. ஒங்களுக்காகத்தான் இதச் சொல்றேன்.

ஒரே பெஞ்ச்

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபிசுல நான் பத்தொம்பது வருஷம் கிளாக்கர். காலையில பெரட்டுல எல்லாரும் வரிசையா நிப்பாங்க, யாரு வந்தா யாரு வரலன்னு பேர் போடுற பேனா என் கையில. ஒரு நாள் ரெண்டு ஆபிச ஒண்ணாக்கி ஒரு கம்ப்யூட்டரக் கொண்டாந்து வச்சாங்க. என்னய வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மொனராகலையில பொண்டாட்டியோட தம்பி கடை வச்சிருக்கான். "வாங்க மச்சான், சீனி கட்டுறதுக்கு ஆளு வேணும்"னு கூப்புட்டான். அவன் கடையில சீனி கட்டுறதுக்குப் பதிலா மண்ணத் திங்கலாம்னு, பதுளை டவுனுல வயரிங் படிக்கச் சேந்தேன்.

மொத நாள் வகுப்புக்குள்ள கால வைக்கிறேன், ஒரு பொம்பள படக்குன்னு எந்திரிச்சு நிக்கிறா. பாத்தா, எங்க டிவிசன்ல கொழுந்து எடுத்த புஷ்பம்! அவளுக்கும் நாப்பது இருக்கும். மரியாதைக்கு எந்திரிச்சாளேன்னு மனசு குளுந்துச்சு. ஆனா மத்த பெஞ்செல்லாம் நெறஞ்சிருச்சு, அவ பக்கத்துல மட்டுந்தான் எடம். நான் முழிச்சிக்கிட்டு நின்னதப் பாத்து, கொஞ்சம் தள்ளி உக்காந்து சொன்னா: "உக்காருங்க கிளாக்கரய்யா. இங்க ஒங்களுக்கும் எனக்கும் ஒரே பெரட்டுதான்."

தோல் உரிக்கிற பாடம்

வயரோட மேல்தோல உரிக்கிறதுதான் மொத பாடம். இதெல்லாம் ஒரு பாடமான்னு நானும் சிரிச்சேன். கத்திய வச்சேன், தோலோட செம்பும் சேந்து அறுந்துச்சு. இன்னொண்ணு எடுத்தேன், அதுவும் போச்சு. புஷ்பம் கத்திய லேசா ஒரு சுத்து சுத்துறா, ஒரு இழுப்பு இழுக்குறா, செம்புல கீறல் இல்ல. எனக்கு ஒண்ணு முடியிறதுக்குள்ள அவளுக்கு ஆறு. சொல்லிக் கொடுக்குற சேர் அவ வயரத் தூக்கி வகுப்புக்கே காட்டினாரு. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நேத்து வரைக்கும் கூடை சுமந்தவ இன்னைக்கு எனக்கு உதாரணமா?

என் ஆயுதத்த நான் எடுத்தேன். என் நோட்டு! செவப்பு மையில கோடு, நீல மையில எழுத்து, படத்துக்கெல்லாம் அடிமட்டம் வச்சு வரைஞ்சது. வகுப்புல அதுக்கு இணை கெடையாது. சேர் ஒரு பக்கம் விடாம புரட்டிட்டு, என் தோளத் தட்டிச் சொன்னாரு: "ரொம்ப அழகு. லைட் எரியலன்னு வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்தா, மறக்காம இதக் காட்டுங்க."

பைக்குள்ள இருந்த நோட்டு

எழுத்துப் பரீட்சை வந்துச்சு. கையில சூரப்புலியா இருந்தாலும் எழுதுறதுல புஷ்பத்துக்குத் தடுமாட்டம். பரீட்சைக்கு மொத நாள் பஸ் ஸ்டாண்டுல என்னயத் தேடி வந்தா. "கிளாக்கரய்யா, ஒரு ராத்திரிக்கு நோட்டத் தர்றீங்களா? வெள்ளனமே கொண்டாந்துருவேன்." எனக்கு வாயில என்ன சனி குந்துச்சோ, "வீட்டுல வச்சிட்டு வந்துட்டேனே"ன்னுட்டேன்.

சொல்லிட்டுக் குனிஞ்சு பாக்குறேன், பையோட ஜிப் பாதி தெறந்து, நோட்டோட செவப்பு அட்டை பல்லக் காட்டிக்கிட்டு வெளிய நிக்குது. அவளும் பாத்துட்டா. கோவப்படுவான்னு பாத்தேன், இல்ல. மானத்த அண்ணாந்து பாத்துட்டு சொன்னா: "அதுவும் நல்லதுதாங்கய்யா, கொண்டாந்திருந்தா மழையில நனைஞ்சிருக்கும்."

நாற்காலி கேக்குற பாஸ்

எப்படியோ ரெண்டு பேருமே பாசாயிட்டோம். தொழில் தெரிஞ்ச ஆள எங்க பக்கம் பாஸ்னுதான் கூப்புடுவோம். பதுளையில வயரிங் கொந்தராத்து எடுக்குற அந்தோனி பாஸ், எங்க ரெண்டு பேரையும் ஆறு மாசம் பழக எடுத்தாரு. ஆறு மாசம் முடிய ஒருத்தருக்குத்தான் நெரந்தர வேலைன்னு மொதல்லயே சொல்லிட்டாரு. அன்னையிலருந்து எனக்குக் கனவுலயும் சீனி மூட்டைதான்.

டவுனுல ஒரு ரிட்டயரான டீச்சர் வீட்டுக்கு ஃபேன் மாட்டப் போனோம். என் கண்ணாடியையும் கால்சட்டையையும் பாத்து டீச்சர் நான்தான் பெரிய பாஸ்னு முடிவு பண்ணி, நாற்காலி போட்டு, சாசர் வச்சு தேத்தண்ணி கொடுத்தாங்க. நானும் மறுக்கல. புஷ்பம் ஏணில நிக்க, நான் கீழ உக்காந்து "அந்த ஸ்க்ரூவ இறுக்கு, இந்த வயரப் பாரு"ன்னு அதிகாரம் பண்ணினேன். அடடா, பழைய ஆபிஸ் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு! ஒரு வாரம் கழிச்சு டீச்சர் அந்தோனி பாசுக்கு போன் பண்ணினாங்க. பாஸ் வேணும்னே ஸ்பீக்கர்ல போட்டாரு: "சமைக்கிற குசினிக்கும் லைட் போடணும் பாஸ், அந்தப் புள்ளைய அனுப்புங்க. கூட வந்த ஐயா வேணாம், குசினியில நாற்காலி போட எடமில்ல."

ஏழாம் நம்பர்

கடைசி மாசம் அந்தோனி பாஸ் ஒரு சோதனை வச்சாரு. நான் வேலை பாத்த அதே தோட்டத்துல, தொழிலாளிங்க வரிசையாக் குடியிருக்கிற ஒரு லயத்துக்குப் பழைய வயரக் கழட்டிப் புதுசு இழுக்கணும். ஆளுக்கு ஒரு காம்பரா, அதாவது ஒரு குடும்பத்து வீடு. ஒழுங்கா முடிக்கிறவங்களுக்கு வேலை. எனக்கு உள்ளுக்குள்ள குதியாட்டம். எந்த நம்பர்ல யாரு குடியிருக்கான்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேனே! ஏழாம் நம்பர எடுத்துக்கிட்டேன், மாரியாயி வீடு. போனதும் மெயின் சுவிச்ச அணைச்சேன். எட்டிப் பாத்தா, புஷ்பம் ஒம்பதாம் நம்பர் வாசல்ல குந்தி, பால் போடாத தேத்தண்ணி, அதான் பிளேண்டி, குடிச்சிக்கிட்டு ஊர்க்கதை பேசுறா. இன்னைக்குத் தொலைஞ்சடி மகளேன்னு சந்தோஷமா ஏணில ஏறினேன்.

வாசத் திண்ணை மாதிரி இருந்த முன்பக்கத்து இஸ்தோப்ப பலகை அடிச்சு மறைச்சு, கல்யாணமான மகனுக்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தாங்க. அதுல ஒரு பல்ப். டெஸ்டர் என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. மெயின அணைச்சவனுக்கு டெஸ்டர் எதுக்கு? வயரத் தொட்டேன். யம்மாடி! தூக்கி ஒரு எறி. அரிசி மூட்டை மேல விழுந்ததால எலும்பு தப்பிச்சுது.

புஷ்பம் ஓடியாந்தா. என்னயப் பாத்துட்டு நேரா எட்டாம் நம்பருக்குள்ள ஓடி அந்த மெயின அணைச்சா. அப்புறந்தான் வெவரம் தெரிஞ்சுது: மகனுக்கும் மாரியாயிக்கும் சண்டை. ஒலையும் தனி, கரண்டும் தனி. எட்டாம் நம்பர் மாமியார் வீட்டுலருந்து கூரைக்கடியில வயர் இழுத்துப் பல்ப் எரிக்கிறான். யாரு வீட்டுக்கு எங்கருந்து கரண்ட் போகுதுன்னுதான் புஷ்பம் பிளேண்டி குடிச்சுக்கிட்டே விசாரிச்சிருக்கா. அத எனக்குச் சொல்ல எந்திரிச்சு வர்றதுக்குள்ள நான் ஏறிட்டேன். மாரியாயி எனக்குத் தண்ணி கொடுத்துக்கிட்டே சொல்லிச்சு: "எங்க பேரு பூரா ஐயாவுக்கு மனப்பாடம். யாரு யாரோட பேசுறதில்லன்னுதான் தெரியல, பாவம்."

ஏணிக்கு மேலயும் கீழயும்

பின்னேரம் அந்தோனி பாஸ் வந்தாரு. ஷாக் அடிச்சதப் பத்தி புஷ்பம் வாயே தெறக்கல. ஏழாம் நம்பர்ல பழைய வயர் கழட்டாமத் தொங்கினதே அவருக்குப் போதும். "வேலை தங்கச்சிக்கு. ஒங்களுக்கு இஷ்டம்னா தங்கச்சிக்குக் கையாளா வாங்க"ன்னாரு. மூணு நாள் வீட்டுலயே கெடந்தேன். ஒரு பக்கம் மச்சானோட சீனி, ஒரு பக்கம் புஷ்பத்தோட ஏணி. நாலாம் நாள் காலையில ஏணிகிட்டப் போய் நின்னேன்.

ஒரு மாசம் கழிஞ்சிருக்கும். வெலிமடைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல, அவ மேல நின்னு வேலை செய்ய, நான் ஏணியப் புடிச்சிருக்கேன். அதுக்கு மேல அடக்க முடியல. "புஷ்பம், உள்ளதச் சொல்லிர்றேன். ஒன்னயப் பாத்தா எனக்குப் பொறாமை. நீ பெயிலாகணும்னு சாமியக்கூட கும்புட்டேன்"னேன். அவ திரும்பவே இல்ல, ஸ்க்ரூவ முறுக்கிக்கிட்டே சொன்னா: "தெரியுங்கய்யா. நாங்க மழையில தொப்பலா நனைஞ்சு கொழுந்து நிறுக்க வந்து நிப்போம், நீங்க கண்ணாடி ஜன்னலுக்குள்ள காஞ்ச சட்டையோட உக்காந்திருப்பீங்க. அதப் பாத்துப் பத்தொம்பது வருஷம் எனக்கு வயிறெரிஞ்சுது. அந்த எரிச்சல்லதான் இந்த வேலையே படிக்க வந்தேன். ஏணிய ஆட்டாமப் புடிங்க."

பொறாமைப்படுறதுலயும் அந்தப் பொம்பள எனக்குப் பத்தொம்பது வருஷம் சீனியர்னு தெரிஞ்சப்புறம், ஏணிய ஆட்டாமத்தான் புடிச்சிக்கிட்டிருக்கேன்.