விழுங்காத 'ர்'

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பூங்கா. புல்வெளியில் போட்ட மடக்கு நாற்காலிகள் நிறைந்துவிட்டன. நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆங்கில நாடகாசிரியர் ஒருவரின் நாடகம் தொடங்கப்போகிறது. அரசராக நடிப்பவர் சிவமலர் அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே நகரப் பேருந்து ஓட்டுகிறார். அட்டைக் கிரீடத்தை ஹேர்பின் குத்தி நிறுத்திக்கொண்டிருக்கிறார்.

"உங்க இங்கிலீஷ் உச்சரிப்பை யாரும் மாத்தச் சொல்லலையாக்கா?" மதுரையிலிருந்து வந்திருக்கும் நான் கேட்கிறேன்.

"சொன்னவை. இப்பத்தை லண்டன் ஆக்கள் மாதிரி 'ர்'ரை விழுங்கச் சொல்லி டைரக்டர் மூண்டு கிழமை கரைச்சல் தந்தவர். நான் லைப்ரரியிலை தேடிப் பாத்தன். இந்த நாடகம் எழுதின மனுசன்ர காலத்திலை லண்டன் மேடையிலையும் விழுங்கிறேல்லையாம். புத்தகத்தைக் கொண்டுபோய் அவருக்கு முன்னாலை விரிச்சு வைச்சன்."

"அப்புறம்?"

"பிறகென்ன, பாருங்கோவன்."

மேடையேறி "மர்டர்" என்கிறார். இரண்டு 'ர்'களும் தெருவோரப் பேருந்து நிறுத்தம் வரை உருண்டு போகின்றன. கூட்டத்தின் சலசலப்பு அடங்குகிறது. அடுத்து மந்திரி வருகிறார், இங்கேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். அரசர் முன் மண்டியிட்டு அவரும் அதே சொல்லைச் சொல்கிறார், அச்சு அசல் யாழ்ப்பாணத்து 'ர்'ரோடு.