கணக்கப்பிள்ளை தொடாத பாதம்

அடியார்களே, நான் பட்டதை உள்ளது உள்ளபடி சொல்கிறேன். நல்ல மனசோடு நான் மலையேறவில்லை. ஒருவன் நாசமாய்ப் போக வேண்டும் என்று கேட்கத்தான் ஏறினேன்.

ஐம்பத்து நாலாம் வருசம், தை மாதம். கொழுந்தெடுத்த ஒரு பெண்ணை, எங்களை வேலை வாங்கும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கைநீட்டி அடித்தான். என் வீட்டுக்காரர் தட்டிக் கேட்டார். மறு வாரமே, அவர் ஸ்டோரில் தேயிலைத் தூள் திருடியதைக் கண்ணால் பார்த்ததாகத் துரையிடம் சொல்லிவிட்டான், பாவி! வேலை போனது. தொழிலாளர் லயத்தில் இருந்த வீடும் போனது. கள்ளன் என்று பெயராகிவிட்டதால் வேறு தோட்டத்திலும் சேர்க்கவில்லை. என் அண்ணன் வீட்டு மூலையில் அவர் சோறு தண்ணி இல்லாமல் சுருண்டு கிடந்தார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

மாசியில் அண்ணன் வீட்டார், உச்சியில் சாமி பாதம் பதிந்திருக்கும் சிவனொளிபாத மலைக்குக் கிளம்பினார்கள். நான் காய்ந்த மிளகாயை அரைத்து டப்பாவில் எடுத்துக்கொண்டேன். சாமிக்கு மிளகாய் பூசி முறையிட்டால் கெடுத்தவன் உருப்பட மாட்டான் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை.

காட்டுக்குள் படிப்படியாக ஏறினோம். ஒரே மேகம், அட்டைக் கடி.

"வாய அடக்கு புள்ள. மலையில யாரையும் வையக் கூடாது" என்றாள் அண்ணி. நான் மனசுக்குள் வைதுகொண்டே ஏறினேன்.

உச்சியில் டப்பாவைத் திறந்து பார்த்த கையாலேயே முகத்து வேர்வையைத் துடைத்துத் தொலைத்தேன். ஐயோ! கண் இரண்டும் தீயாய் எரிந்தன. டப்பா எங்கே விழுந்ததோ தெரியாது. நான் பக்தியில் அழுகிறேன் என்று நினைத்த ஒரு சிங்கள அம்மா, "அய்யோ பவ், நங்கி", பாவம் தங்கச்சி என்று பரிதாபப்பட்டு, கூட்டத்தை விலக்கி என்னைப் பாதத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

கண்ணைக் கசக்கித் திறந்தால் பக்கத்தில் கணக்கப்பிள்ளை! கையில் கற்பூரத் தட்டு, கூடவே பெண்டாட்டி. அவர்களுக்குப் பின்னால் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா.

"என் புருசன் திருடுனத நீ பாத்தியா? இந்தப் பாதத்துல கைய வச்சுச் சொல்லுடா!"

அவன் கை நீண்டது. பாதியிலேயே நின்றுவிட்டது.

"பொய்யில்லன்னா தொடுங்களேன்" என்றாள் அவன் பெண்டாட்டி.

தொடவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டுத் தலைகுனிந்து இறங்கிப் போனான்.

டீமேக்கர் ஐயா கண்டதைத் துரையிடம் சொன்னார். விசாரணையில் அவன் பொய்யை ஒத்துக்கொண்டான். ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் காலைப் பெரட்டில் என் வீட்டுக்காரர் பெயரை மறுபடி கூப்பிட்டார்கள். அன்றைக்குத்தான் அவர் வயிறாரச் சாப்பிட்டார். வேலை போன கணக்கப்பிள்ளை மூட்டைமுடிச்சோடு தோட்டத்து ரோட்டில் நடந்ததை, கொழுந்துக்கூடையோடு நின்று கடைசி வரை பார்த்தேன். மனசு குளிர்ந்தது.

இப்போது வருசா வருசம் நன்றி சொல்ல ஏறுகிறேன். அவனை மன்னித்துவிட்டாயா என்று கேட்கிறீர்கள். இல்லை. அதையும் சாமியிடம் மறைக்கவில்லை. நல்ல மனசு வரட்டும், பிறகு கும்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். எரிகிற வயிற்றோடே போங்கள். என்னை அவர் திருப்பி அனுப்பவில்லை.