அம்மாவுக்கு நான் கேட்டது, ஸ்டெல்லாவுக்குக் கிடைத்தது

ஸ்டெல்லா போய்விட்டாள். நேற்று சாயங்காலம், மஞ்சக்குப்பத்தில் அவள் வீட்டிலேயே.

ஆபீஸ் விட்டு வந்து, சேரில் உட்கார்ந்து, "தலை வலிக்குது, ஒரு டீ போடுங்க" என்றிருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் சேவியர் அண்ணன் டம்ளரோடு வருவதற்குள்... முடிந்துவிட்டது.

இன்று காலை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையேதான் சொன்னார்கள். "ஒரு ஊசி கூடப் போட்டுக்கலயே... புண்ணியம் பண்ணவ. குடுத்து வச்ச சாவு."

எனக்கு அழுகை வரவில்லை. பொறாமைதான் வந்தது. அஞ்சலியில் எழுதக்கூடிய வார்த்தையா என்று கேட்காதீர்கள், வந்தது அதுதான்.

ஸ்டெல்லா மேல் எனக்குப் பொறாமை புதிதில்லை. ஒரே செக்‌ஷன், பக்கத்துப் பக்கத்து டேபிள். நான் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து சேரும்போது, அவள் வீட்டிலிருந்து நடந்து வந்து, ஃபேனுக்குக் கீழே ஜம்மென்று உட்கார்ந்திருப்பாள்.

அவள் பெண்ணுக்கு முதல் இன்டர்வியூவிலேயே வேலை. எந்தப் புது ஆபீசர் வந்தாலும் ஒரே வாரத்தில் அவள் "ஸ்டெல்லாம்மா" ஆகிவிடுவாள்... நான் மட்டும் கடைசி வரை "மேடம்".

ஆனால் இது வேறு பொறாமை.

என் அம்மா படுத்த படுக்கையாகி நாலாவது வருஷம் நடக்கிறது. வாட்டர் பெட், டயபர், முதுகெல்லாம் புண்.

பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். "எந்த ஜென்மத்துல என்னா பண்ணாங்களோ... இப்பிடிக் கெடக்குறாங்க."

யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காதவள் என் அம்மா. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அதனால்தான் கோயில் குளம் என்று இறங்கினேன். அமாவாசை தவறாமல் மாட்டுக்கு அகத்திக்கீரை, பிரதோஷ விரதம், திருவதிகை கோயிலில் விளக்கு. வேண்டுதல் ஒன்றே ஒன்று... அம்மா கஷ்டப்படாமல், உட்கார்ந்தபடியே, ஒரு நிமிஷத்தில் போய்ச் சேர வேண்டும்.

அப்படியே நடந்திருக்கிறது. ஸ்டெல்லாவுக்கு.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் அவளுக்குக் கர்மாவைப் பற்றிப் பாடமே நடத்தினேன். நாம் செய்வதோடு, என்ன நினைத்துச் செய்கிறோம் என்பதும் சேர்ந்துதான் நமக்குத் திரும்பி வரும், அகத்திக்கீரை கொடுத்தால் அம்மாவுக்குப் பாவம் ஏதாவது இருந்தாலும் கரைந்துவிடும் என்று.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, மோர் மிளகாயைக் கடித்தபடி சொன்னாள்: "அம்மாவுக்காகக் குடுக்குறீங்க, பாவம் போவணும்னு குடுக்குறீங்க... அதுக்குப் பசிக்குமேன்னு, மாட்டுக்காக யாரும் குடுக்குறது இல்லியாக்கா?"

அன்று சாயங்காலம் வரை நான் அவளோடு பேசவில்லை.

திருவதிகைக்கு ஒருமுறை துணைக்கு வந்தாள். நான் உள்ளே பிராகாரம் சுற்ற, அவள் வெளியே என் செருப்புக்குக் காவல். "நீ என்னடி வேண்டிக்கிட்ட?" என்று கேட்டேன்.

"நீங்க சீக்கிரம் வெளிய வரணும்னு. வெயில் மண்டையப் பொளக்குதுக்கா." அவள் வேண்டுதல் மட்டும் உடனே பலிக்கும்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் சிதம்பரம் வந்தாள், அம்மாவைப் பார்க்க. ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, வந்ததும் வராததுமாக நகவெட்டி கேட்டாள்.

நான் தொட்டாலே கத்துகிற அம்மா, அவளிடம் கையை நீட்டிக்கொண்டு படுத்திருந்தாள். பத்து விரலும் முடிகிற வரை ஒரு முனகல் இல்லை. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்... பெற்ற பெண் நான், எனக்கு எப்படி இருந்திருக்கும்?

பஸ் ஏற்றிவிடும்போது, "உனக்குப் புண்ணியமாப் போவும்டி" என்றேன். பாதி மனசோடுதான்.

"நகம் நீளமா இருந்துச்சு, வெட்டுனேன். இதுல என்னாக்கா புண்ணியம்?" ஜன்னல் சீட்டைப் பார்த்து ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவ்வளவுதான் ஸ்டெல்லா. எதையும் நினைத்துச் செய்யாதவள். நான் நினைத்து நினைத்துச் செய்ததெல்லாம் எங்கே போனது என்றுதான் இன்று அவள் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்தது. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பார்கள், நானும் சொல்லாமல்தான் கிளம்பினேன். சேவியர் அண்ணன் கேட் வரைக்கும் பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு பத்து நாள் படுத்துக் கெடந்திருக்கக் கூடாதா சிஸ்டர்... நான் பாத்துக்கிட்டிருக்க மாட்டனா? ஒரு வாய் தண்ணி குடுக்கக்கூட உடாம போயிட்டாளே..."

பிடித்த கையை விடாமலேயே கேட்டார்.

"இப்ப நீங்க வீட்டுக்குப் போனா... அம்மா இருப்பாங்கல்ல?"

"இருப்பாங்கண்ணே."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். வருஷக்கணக்காக நான் ஸ்டெல்லாவை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் பிடித்து வந்துவிட்டேன். அம்மா இருக்கிறாள்.

நீ தூங்கு ஸ்டெல்லா.