ஐந்தே கால் மில்லிமீட்டர்

முப்பது வருடமாக மரத்தரை தேய்க்கிறேன். அடுத்தவர் வீட்டுத் தரையில் முட்டி போட்டே என் முட்டி இரண்டும் போய்விட்டன. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு சுவர் வேண்டும். தொழிலில் நான் பொய் சொல்வது குறைவு; நாளைக்கே வார்னிஷ் காய்ந்துவிடும் என்பதெல்லாம் பொய்யில் சேராது. ஆனால் ஒரே ஒரு தடவை முழுப் பூசணிக்காய் அளவுக்கு ஒரு பொய் சொன்னேன். மறுநாளே கையும் களவுமாகப் பிடிபட்டேன். பிடித்தவர் ஒரு சர்வேயர்.

நிலம் அளக்கிற சர்வேயர். ஐம்பத்திரண்டு வயது. இருபத்தைந்து வருடம் காடு மேடெல்லாம் கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்த பெண்மணி. மூன்று வருடத்துக்கு முன் ஒரு கால்வாய்க் கரையை அளந்துகொண்டிருந்தபோது கரை சரிந்து கீழே விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா விட்டுப்போன ஃபிளாட்டில் தனியாக இருந்தார். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, நடுவில் குறுகலான நடை, கடைசியில் சமையலறை.

அவருக்கு ஓர் அண்ணன், மருந்துக் கடைக்காரர். ஐம்பத்திரண்டு வயதுத் தங்கையை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். கெட்டவர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், போகப் போக எனக்கு அவர் மேல் கோபம் வந்துவிடும். தங்கை விழுந்தாலும் அடிபடக் கூடாது என்று, அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்கு முன்பே வீடு முழுக்கக் கட்டைவிரல் பருமனுக்குக் கம்பளம் போட்டு வைத்தவர். பாசத்தில் போட்டதுதான். ஆனால் அந்தக் கம்பளத்தில் சக்கரம் சேற்றில் இறங்கிய மாதிரி புதைந்தது. கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகவே காலையும் மாலையும் வருகிற உதவிக்கார அம்மா தள்ள வேண்டும். நடுவில் தாகம் எடுத்தால் மாலை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அண்ணன் கடைசியில் கெடு வைத்துவிட்டார். தனியாக இருந்தது போதும், மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டு வருகிறேன், என் வீட்டுப் பின்பக்க அறையில் வந்து இரு என்றார். சர்வேயர் பதிலுக்குக் கேட்டது ஒன்றே ஒன்று. கம்பளத்தை எடுத்துவிட்டு அடியில் இருக்கிற மரத்தரையைத் தேய்த்துக் கொடு, நானே நகர்ந்துகொள்கிறேன் என்றார். முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்ட கதை என்று அண்ணி முணுமுணுத்தாராம். சர்வேயர் காதில் அது விழுந்துவிட்டது.

"தேன் கொம்புல இல்ல அண்ணி, தரையிலதான் இருக்கு. நீங்கதான் மேல கம்பளத்தைப் போட்டு மூடி வச்சிருக்கீங்க."

அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். லிஃப்ட் வாசலிலேயே அண்ணன் என்னை மடக்கி, வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி பேசினார். தரை சரிப்படாது என்று தொழில் தெரிந்த நான் ஒரு வார்த்தை சொன்னால் பாப்பா கேட்டுக்கொள்வாளாம். அவள் நல்லதுக்குத்தானாம். நான் தயங்கினேன். அவர் குரல் உடைந்துவிட்டது.

"விழுந்தா யாருங்க தூக்குவா? யாரும் வராம ஒரு நாள் முழுக்கக் கிடந்தா? நீங்களே சொல்லுங்க."

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாதவன் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போயிருக்க வேண்டும். நான் உள்ளே போனேன். கூடத்து மூலையில் கம்பளத்தைக் கொஞ்சம் தூக்கி, பலகையை இரண்டு தட்டு தட்டி, ஆஸ்பத்திரியில் கையை விரிக்கிற டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். பலகை தேய்ந்துபோய்விட்டது, மேற்கொண்டு தேய்த்தால் ஆணித்தலை வெளியே வந்துவிடும் என்றேன். நாக்குக்கு மேலே எவ்வளவு மரம் மிச்சம் இருக்கிறது என்று சர்வேயர் கேட்டார். மரத்தரையில் ஒரு பலகையின் நாக்கு அடுத்த பலகையின் காடிக்குள் உட்கார்ந்திருக்கும். ஆணி அந்த நாக்கில்தான் மறைந்திருக்கும். நாக்குக்கு மேலே உள்ள மரம்தான் தரையின் ஆயுள். சாதாரணமாக இதை யாரும் கேட்பதில்லை. ரெண்டு மில்லிமீட்டர் இருக்கும் மேடம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நன்றி சொல்லி டீ கொடுத்து அனுப்பினார். இந்தப் பொய்க்கு நான் ஒரு பைசா வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அதற்காவது ஒரு காரணம் இருந்திருக்கும்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு ஃபோன். உடனே வாங்க, கதவு சும்மாதான் சாத்தியிருக்கு, தள்ளிக்கிட்டு வாங்க என்றார். போனேன். சர்வேயர் கூடத்துக்கும் நடைக்கும் நடுவில், வாசற்படி ஓரமாகத் தரையில் கிடந்தார். காலையில் உதவிக்கார அம்மா அங்கே தள்ளி நிறுத்திவிட்டுப் போன நாற்காலி, அவர் இறங்கும்போது நழுவி, எட்டாத தூரத்தில் நின்றது. நிலைக்கு அடியில் பலகை முடிகிற இடத்தை மறைத்திருந்த பித்தளைப் பட்டையை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்து வைத்திருந்தார். ஒரு பலகையின் வெட்டுமுகத்தைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது; எனக்குத் தெரியும், அவர் யோசித்தே கண்டுபிடித்திருக்கிறார். நான் பதறிப்போய்த் தூக்கக் கை நீட்டினேன். அவர் கையிலிருந்த வெர்னியர் அளவியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். முதலில் அதைப் படிக்கச் சொன்னார்.

ஐந்தே கால் மில்லிமீட்டர்.

"நேத்து ரெண்டுன்னீங்க. ஒரே நாள்ல பலகை வளருமா, பாலிஷ்காரரே?"

பக்கத்தில் குனிந்து நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்து வரும். உங்கள் அண்ணன் சொன்னதில் என்ன தப்பு, இப்போது நீங்கள் கிடக்கிற கோலத்தைப் பாருங்கள், எவ்வளவு நேரமாகக் கிடக்கிறீர்கள் என்று கேட்டேன். மூன்று மணி நேரம் என்றார். இறங்கத்தான் முடிந்தது, ஏற முடியவில்லை. உடம்பை நாற்காலி வரைக்கும் இழுக்கக்கூடக் கம்பளம் விடவில்லை, புடவையைப் பிடித்துப் பிடித்து இழுக்கிறது என்றார். அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது. இது அண்ணனுக்குத் தெரிந்தால் கெடு மாதக் கடைசி வரைக்கும்கூடக் காத்திருக்காது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

தூக்கி உட்கார வைத்தேன். அதற்கு நன்றிகூடச் சொல்லாமல் வேலையைப் பிரித்தார். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. நடுத்தரையைப் பெரிய மெஷினை வைத்து நான் தேய்க்க வேண்டும். மெஷின் போகாத ஓரமும் மூலையும் அவர் பொறுப்பு. நான் மறுத்தேன். ஓரத்து வேலை லேசுப்பட்டது இல்லை, தரையோடு தரையாக உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து செய்ய வேண்டும் என்றேன்.

"அதுக்கு உங்களுக்குத்தான் முட்டி வலிக்கும். எனக்கென்ன?"

மறுநாளே பெரிய மெஷினோடு ஒரு கைமெஷினையும் கொண்டுவந்து இறக்கினேன்.

தினமும் ராத்திரி அண்ணன் ஃபோன் செய்வார். மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறேன், வீடெல்லாம் ஒரே தூசி, நீ வராதே என்பார் சர்வேயர். அதில் தூசி மட்டும் உண்மை. கம்பளத்தைப் பட்டை பட்டையாக அறுத்து நானும் உதவிக்கார அம்மாவும் கீழே இறக்கினோம். தரையில் துருத்திக்கொண்டிருந்த கம்பளப் பின்களைச் சர்வேயர் ஒன்றுவிடாமல் இடுக்கியால் பிடுங்கினார். பிறகு முரட்டு உப்புத்தாளை மாட்டி மெஷினை ஓட்டினேன். பழைய வார்னிஷ் கருப்பாகச் சுருண்டு வந்தது, அடியில் மரம் தேன் நிறத்தில் தெரிந்தது. மெஷின் ஒரு நொடி ஒரே இடத்தில் நின்றால் தரையில் குழி விழும், ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நான் ஓட்டுவதைத் தரையில் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, நாலாவது கோடு கோணல் என்றார். முப்பது வருடத்தில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. நூல் பிடித்துப் பார்த்தேன். கோணல்தான்.

அவர் ஒரு தடித்த மெத்தையில் உட்கார்ந்து, கைமெஷினோடு சுவர் ஓரமாகவே நகர்ந்து போவார். மூன்றாம் நாள் அவர் கடந்துபோன பலகையில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. மெஷின் அவர் கணுக்காலை உரசித் தோலை எடுத்திருக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை. நான் கத்திவிட்டேன். எனக்கே வலிக்கவில்லை, நீங்கள் ஏன் கத்துகிறீர்கள் என்று கேட்டார். ஆனால் மெஷினை அணைத்துவிட்டார். வலி தெரியாத உடம்பு எவ்வளவு ஆபத்து என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? உதவிக்கார அம்மா மருந்து வைத்துக் கட்டினார். மறுநாள் அண்ணனுடைய பழைய கிரிக்கெட் பேடுகள் இரண்டையும் பரணிலிருந்து எடுக்கச் சொல்லிக் காலில் கட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி.

வேலையில் ஒரு சங்கடம் இருந்தது. தாள் மாற்ற, தண்ணீர் குடிக்க, கழிவறை போக என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அவர் ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நாங்கள் தூக்கினோம், ஒவ்வொரு தடவையும் அவருக்கு முகம் கடுத்தது. முதல் நாள் மாலை தானாக ஏறுகிறேன் என்று பதினோரு தடவை முயன்றார். பதினோரு தடவையும் சறுக்கி விழுந்தார். பிடிக்கப் போன எனக்குத் திட்டு விழுந்தது. பிறகு டேப்பை எடுத்துத் தரையிலிருந்து இருக்கை வரை அளந்தார். நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். இவ்வளவு மேட்டை யாரும் ஒரே தாவில் ஏற மாட்டார்கள், படி வெட்டித்தான் ஏறுவார்கள் என்றார். என் பட்டறையில் கிடந்த துண்டுப் பலகைகளை வைத்து, அவர் சொன்ன அளவுக்கு, சுவரோடு திருகி முடுக்கின இரட்டைப் படி ஒன்று செய்து கொடுத்தேன். முதல் படி பதினாறு, அடுத்தது முப்பத்திரண்டு. முதுகைப் படிக்குக் கொடுத்து, கையை ஊன்றி, தலையை முன்னால் கவிழ்த்து இடுப்பை மேலே ஏற்ற வேண்டும். ஐந்தாம் நாள் முதல் படி ஏறினார். எட்டாம் நாள் நாற்காலிக்கே ஏறிவிட்டார். யாரும் கைதட்டவில்லை. அடுத்த தாளைக் கொடுங்கள் என்று மறுபடி இறங்கிவிட்டார்.

நடுத்தரத் தாள், மெல்லிய தாள் எல்லாம் முடிந்தது. இடுக்குகளில் அந்த மரத்தின் தூளையே பசையில் குழைத்து அடைத்தோம். கடைசியில் பளபளப்பு இல்லாத வார்னிஷ் மூன்று பூச்சு. உள் மூலையில் தொடங்கிப் பின்பக்கமாகவே நகர்ந்து வாசலில் வந்து முடிக்க வேண்டும். அவர் ஓரத்தைத் தூரிகையால் பூசினார், நான் நடுவை உருளையால் பூசினேன். காய்கிற வரைக்கும் எதிர்வீட்டு டீச்சரிடம் தங்கினார். சனிக்கிழமை மாலை கதவைத் திறந்தோம். சர்வேயர் வாசலிலிருந்து சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளினார். கம்பளத்துக்குப் பழகின கை, வேகம் தெரியவில்லை. கூடத்தைக் கடந்து நடையைக் கடந்து சமையலறைக் கதவில் போய் முட்டிக்கொண்டார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மீதி டப்பாக்களை எடுத்துக்கொள்ள நான் போயிருந்தபோது அண்ணன் வந்துவிட்டார். கீழே வண்டி நின்றது. உள்ளே கால் வைத்தவர் தரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முடியாதுன்னுல்ல சொல்லச் சொன்னேன் என்றார், தங்கை எதிரிலேயே.

"சொன்னேன் சார். அவங்க அளந்துட்டாங்க."

அவர் கோபப்படவில்லை. தங்கை கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். தானே போய்த் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தார். அண்ணன் முழுவதும் குடித்தார். தரை நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அப்புறம் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

"விழுந்தா, பாப்பா?"

 சர்வேயர் கால்களை ஒவ்வொன்றாக நாற்காலியின் கால்பலகையிலிருந்து கையால் இறக்கினார், கைகளை ஊன்றினார், நட்ட நடுக் கூடத்தில் தரையில் இறங்கினார். சுவரோரப் படி மூன்றரை மீட்டர் தள்ளி இருந்தது. அண்ணன் கண்ணாடித் தம்ளரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"தொடாத. தொட்டீன்னா திரும்ப முதல்லேருந்து ஆரம்பிப்பேன்."

அண்ணன் நின்றுவிட்டார். சர்வேயர் நாற்காலியை முன்னால் தள்ளினார், அது உருண்டது. உடம்பை இழுத்தார், தரை விட்டுக் கொடுத்தது. தள்ளுவார், இழுப்பார், மூச்சு வாங்குவார். கால்கள் இரண்டும் பின்னாலேயே வந்தன. அதைப் பார்க்க முடியாமல் அண்ணன் திரும்பிக்கொள்ளப் பார்த்தார். திரும்பாதே, பாரு என்றார் தங்கை. படியை அடைந்து பிரேக்கைப் போட்டார். முதல் படியில் ஒரு தடவை சறுக்கினார். என் கை தானாக நீண்டது, மடக்கிக்கொண்டேன். மறுபடி ஊன்றினார். முதல் படி. இரண்டாம் படி. நாற்காலி. கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்பது நிமிடம். அண்ணன் சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தார்.

சர்வேயர் கால்களை எடுத்துக் கால்பலகையில் வைத்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, மூச்சு திரும்புகிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு சொன்னார்:

"விழுந்தா இப்படித்தான் எந்திரிப்பேன். முடியலைன்னா உனக்கு ஃபோன் பண்ணுவேன். நீ எடுக்கலைன்னா கிடப்பேன். ஆனா என் வீட்டுத் தரையிலதான் கிடப்பேன், அண்ணா."

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உடைந்த தம்ளர்ச் சில்லுகளை முட்டி போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பொறுக்கி முடித்ததும் வண்டியைத் திருப்பி அனுப்பக் கீழே போனார்.