ஓரகத்தி பின்னிய துணி

அந்தத் துணியை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவி, வெள்ளைப் பருத்தி நூலில் பின்னிய ஒரு சதுரத்தைக் கொண்டுவந்து என் சமையல் மேடையில் வைத்தார். பாத்திரம் துடைக்க என்றார். எங்கள் வீட்டில் அந்த வேலைக்குக் கிழிந்த வேட்டி இருந்தது. கிழிந்த வேட்டி செய்கிற வேலைக்காக ஒருவர் இரண்டு நாள் உட்கார்ந்து ஊசி பிடிப்பாரா என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அது ஈரத்தை இழுத்த இழுப்பு இருக்கிறதே, எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு மிச்சமில்லை. அப்போதே எனக்கு அவர்மேல் லேசாக எரிச்சல் வந்துவிட்டது.

சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. கீழே நாங்கள், மாடியில் அவர்கள். பெரியவருக்கு, அதாவது என் கணவரின் அண்ணனுக்கு, முன்பு வடநாட்டில் வேலை. குளிர் ஊர்களில் இருந்த காலத்தில் அக்கா, ஓரகத்தியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், ஸ்வெட்டர் பின்னப் பழகியிருந்தார். இங்கே வந்த பிறகு, மார்கழியிலும் மின்விசிறி ஓடுகிற ஊரில் ஸ்வெட்டரை யாருக்குப் போட்டுவிடுவது? கையும் சும்மா இருக்காது. அதனால் பருத்தி நூலுக்கு மாறிவிட்டார். ஒரு மூலையில் நான்கு கண்ணியில் ஆரம்பிப்பார். வரிக்கு ஒரு கண்ணி கூடிக்கொண்டே போகும். பாதியில் திரும்பி, ஒவ்வொன்றாகக் குறைந்து, எதிர் மூலையில் நான்கில் முடியும். ஊசியைப் பார்க்கவே மாட்டார். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்தபடியே பின்னுவார். எதிரில் இருப்பது பெரும்பாலும் என் மகள்.

நான் கிண்டியில் வேலை பார்த்தேன். மின்சார ரயிலில் நசுங்கி வீட்டுக்கு வரும்போது மணி ஆறரை தாண்டிவிடும். மகள் பள்ளிக்கூடம் விட்டு நேராக மாடிக்குப் போய்விடுவாள். அக்காவுக்குக் குழந்தை இல்லை. நான் செருப்பைக் கழற்றியதும், "இன்னைக்கு ஸ்கூல்ல என்னம்மா நடந்தது?" என்று ஆசையாகக் கேட்பேன். "எல்லாம் பெரியம்மாகிட்ட சொல்லிட்டேன்மா," என்பாள். ஒரு கதையை ஒரு தடவைதானே சுடச்சுடச் சொல்ல முடியும்? எனக்கு மிஞ்சியது டிபன் பாக்ஸ் கழுவுகிற வேலை. அதைத் துடைக்க அக்கா கொடுத்த துணி. எனக்குப் பொறாமை, அதற்கு வேறு நல்ல பெயர் கொடுக்க நான் முயன்றதில்லை.

அந்தத் துணிகளை அவர் பராமரித்த விதம் இன்னும் எரிச்சலூட்டும். முறுக்கிப் பிழியக் கூடாது, உள்ளங்கையில் வைத்து அழுத்த வேண்டும். கொடியில் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டால், "அது காதைத் திருகாதம்மா, நீண்டுபோயிடும்," என்பார். வாரம் ஒருமுறை வெந்நீரில் சலவைச் சோடா போட்டு ஊறவைத்து, வெயிலில் பரப்பிக் காய வைப்பார். கஞ்சி ஆகாது, வாசனைத் திரவம் ஆகாது. துணி வாசனையாக இருந்தால் தண்ணீரை இழுக்காது என்பது அவர் கட்சி. நான் வேண்டுமென்றே என் துணியை முறுக்கித்தான் பிழிவேன்.

மகளுக்குக் கல்யாணமாகிப் படப்பையில் தனிக்குடித்தனம் வைத்தபோது, மாப்பிள்ளைக்கு ஒரகடம் பக்கம் வேலை, நான் மிக்ஸி முதல் முறம் வரை வாங்கி அடுக்கினேன். அவள் வாயைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று. "பெரியம்மா, எனக்குப் பன்னிரண்டு துணி பின்னித் தாங்க." அக்கா இரண்டு மாதம் பின்னினார். முடித்துக் கட்டி, ஒரு அலசு அலசிப் பையில் வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். நான் அலசினேன். கடைசி அலசலில் சேலைகளுக்கு ஊற்றுகிற அந்த மல்லிகை வாசனைத் திரவத்தை இரண்டு மூடி ஊற்றினேன். அக்கா சொன்னது மறந்து போகவில்லை. புது வீட்டில் மகள் அந்தத் துணியை எடுக்கும்போது என் வீட்டு வாசனை வர வேண்டும் என்று நினைத்தேன். துணி கெட்டாலும் பரவாயில்லை என்றும் நினைத்தேன்.

அடுத்த வாரம் மகள் போன் செய்தாள். அக்கா அப்போது என் சமையலறையில் இருந்தார், ஸ்பீக்கரில் போட்டேன். "பெரியம்மா, துணி தண்ணியே இழுக்க மாட்டேங்குது. தட்டு மேல வழுக்கிக்கிட்டுப் போவுது." அக்கா என்னைப் பார்த்தார். மின்விசிறிக் காற்றில் என் சேலையும் அதே மல்லிகை மணத்தோடுதான் இருந்தது. "நூல் சரியில்லடி. கடை மாத்தி வாங்கிட்டேன், என் தப்பு," என்றார். மறுநாளே நல்ல டவலாகப் பார்த்து ஆறு வாங்கி மகளுக்கு அனுப்பினேன். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றாள். அன்று ரயிலில் நின்றுகொண்டு வந்தும் கால் வலிக்கவில்லை.

ஆறு வருடம் கழிந்து, போன ஐப்பசியில் அக்கா போய்ச் சேர்ந்தார். மாடி அலமாரியை ஒழிக்க மகள் வந்தாள். ஊசியில் பாதி பின்னிய துணி ஒன்று அப்படியே இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. துக்கம் பாதி, பொறாமை பாதி. என் குழந்தை கடைசிவரை அக்காவின் கை தவறிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாளே என்றும் பட்டது. சொல்லிவிட்டேன். "நூல் நல்ல நூல்தான். நான்தான் வாசனை ஊத்தி அலசினேன். வேணும்னே செஞ்சேன்."

"தெரியும்மா," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "போனை வெச்சதும் துணிய மோந்து பாத்தேன், வாசனையிலயே தெரிஞ்சுபோச்சு. அன்னைக்கு சாயந்தரமே பெரியம்மாவுக்குத் தனியா போன் பண்ணேன். 'உங்கம்மா ஆசையா அலசிக் குடுத்திருக்கா, அவகிட்ட இதப் பத்திக் கேட்டுடாத'ன்னாங்க. வெந்நீர்ல சோடா போட்டு ரெண்டு வாட்டி ஊற வெச்சேன், சரியாயிடுச்சு. இன்னும் அதுலதான் துடைக்கிறேன்."

"அப்போ நான் அனுப்பின டவலு?"

"அவரு வண்டி துடைக்கிறாரு."

அக்கா என்னைக் காப்பாற்றியிருக்கிறார். நன்றி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது அதுவல்ல. ஆறு வருடம் இரண்டு பேரும் என்னைப் பற்றி ஒரு ரகசியம் வைத்திருந்திருக்கிறார்கள். அதிலும் எனக்கு இடமில்லை. "வேற என்னல்லாம் பேசிப்பீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டேன். குரல் கடுகடுவென்றுதான் வந்தது. மகள் அலமாரிக் கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து, மூன்றாம் வகுப்பிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். வயிறு எரிய எரியத்தான் கேட்டேன். விளக்கு வைக்கிற நேரம் வரை எழுந்திருக்கவில்லை.